தட்டில் சுற்றிய அட்வான்ஸ்

வீட்டைக் காலி செய்யச் சொல்ல வரும் ஓனர் காபி குடிக்க மாட்டார். மற்ற நாளில் மாடிப்படி ஏறும்போதே "அம்மா, டிகாஷன் இறங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருபவர், அன்றைக்கு மட்டும் "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்பார். நாற்காலியின் நுனியில் உட்காருவார். நம் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமையிலும் விளக்கு வைத்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வராது என்பதால், பெரும்பாலும் அது ஒரு புதன்கிழமைக் காலையாக இருக்கும்.

எங்களுக்கும் புதன்கிழமைதான். தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடிப் போர்ஷனில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். கீழே ஓனர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ராத்திரித் தூக்கத்தைத் தண்டவாளத்தில் விட்டுவிட்டதாகவும், மிச்சத் தூக்கத்தை இந்த வீட்டில்தான் தூங்கித் தீர்க்கப்போவதாகவும் அடிக்கடி சொல்வார்.

"சார், பெங்களூர்ல இருக்குதே நம்ம பொண்ணு, அதோட வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபர் ஆவுதாம். புள்ளைங்களோட வந்தா எங்க தங்கும், நீங்களே சொல்லுங்க. ஆனி முடியறதுக்குள்ள ஒரு இடம் பாத்துக்கிட்டீங்கன்னா..."

அம்மாதான் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "ஆனி முடிய எங்க நாள் கெடக்குது? அப்புறம் ஆடி. ஆடியில யாரு சார் குடி மாத்துவாங்க?"

"அதுவும் சரிதான்" என்றார் ஓனர், சுவரிடம். "அப்ப ஆவணி முதல் முகூர்த்தம்னு வச்சுக்குவோம்."

"அட்வான்ஸு?" என்றார் அப்பா.

"அதுக்கென்ன சார், ஓடியா போவப் போறேன்? ஒரு இடத்துலேர்ந்து பணம் வரணும். வந்ததும் உங்க கையில."

அந்த இடம் எது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. நாங்கள் கொடுத்த ஐயாயிரம் எப்போதோ மாடிப்படிக்குக் கைப்பிடியாகவும் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடாகவும் மாறியிருந்தது. தினமும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் நாங்களே ஏறி இறங்கினோம். அடுத்தவர் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் எங்களுடையது மறுபடியும் நோட்டாகும்.

நான் அப்போது பி.எஸ்ஸி. கணக்கு முடித்திருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சும்மா உட்காரத் தெரியாமல், சாயந்தரம் மொட்டை மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி அறைச் சுவரில் நானே ஆணி அடித்து ஒரு கரும்பலகை மாட்டியிருந்தேன். அதற்குப் பின்னால் மலை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. வாய்ப்பாட்டைக் கத்திச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பது அப்போது என் கொள்கை. கத்தினார்கள். மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஓனர் இறங்கிப் போனதும் அப்பா சொன்னார்: "வெள்ளைக்காரங்களுக்கு விடப் போறாரு. ஆசிரமத்துப் பக்கம் வர்றவங்க ஜாஸ்தி குடுப்பாங்க."

"பொண்ணு வருதுன்னாரே" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "மூணு வருஷமா பொங்கலுக்கே வராத பொண்ணு, டிரான்ஸ்ஃபருக்கா வருது? உன் பசங்க சத்தம்டி. ஆறு மணிச் செய்தி கேக்க முடியலன்னு அவங்க வீட்டம்மா எங்கிட்ட எப்பவோ சொல்லிடுச்சு."

எனக்கு முகம் சுட்டது. "அதை நேரா சொல்ல வேண்டியதுதானே? இப்பவே கீழ போய்க் கேக்கறேன்."

"போ. உன் கூச்சல் தாங்கல, கெளம்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. கேட்டுட்டு வா, நல்லா இருக்கும். அந்த மனுஷன் மரியாதைக்கு ஒரு பொண்ணை வரவச்சிருக்காரு. வந்துச்சுன்னே வச்சுக்க."

வீடு தேடல் தொடங்கியது. அப்பாவிடம் ஒரு மாற்று யோசனை தயாராக இருந்தது: கீழ்பென்னாத்தூரில் மாமாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, வாடகை கிடையாது, பஸ்ஸில் ஆபீஸ் வந்துபோகலாம். அவருக்கு அது சுலபம். எனக்கு அது முடிவு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாதி வருஷத்தில் விட்டுவிட்டு நான் அங்கே போய் வேர்க்கடலை உடைக்க வேண்டியதுதான். "ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் டயம் குடுங்கப்பா. மாடி இருக்கற வீடு, டவுன்லயே, இதே வாடகையில நான் பாக்கறேன்" என்றேன். அப்பா சிரித்தார். ஆனால் சரி என்றார்.

வீட்டு புரோக்கர் ஒருவர் மொபெட்டில் வந்து, அய்யங்குளம் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன் இருப்பதாகச் சொன்னார். ஓனர், எங்கள் ஊரில் மணிலாக் கொட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர்; கீழேயே குடியிருக்கிறார். அம்மாவும் நானும் போனோம். மண்டிக்காரர் வாசலிலிருந்தே, "மேல போய்ப் பாருங்கம்மா, இருக்கறவங்க காட்டுவாங்க. தங்கமான குடும்பம். அனுப்ப மனசே இல்ல" என்றார்.

மேலே இருந்தவர் ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி. முப்பது வயது இருக்கும்; எனக்கு அக்கா மாதிரி. இரண்டு அறை, சமையலறை, மொட்டை மாடி எல்லாம் காட்டினார். மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரிந்தது. மாடிப்படி அறைச் சுவர் கரும்பலகைக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல் இருந்தது. நான் அப்போதே மனதுக்குள் ஆணி அடித்துவிட்டேன்.

"நல்ல வீடாத்தானே இருக்குது, ஏன் காலி பண்றீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நாங்க எங்க பண்றோம்? தளம் ஒழுகுது, இடிச்சுக் கட்டப் போறேன்னாரு ஓனரு." அவர் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். "இடிக்கற வீட்டைத்தான் உங்களுக்குக் காட்டறேன் போல இருக்குது."

அம்மா சமையலறை மூலையைப் பார்த்தாள். அங்கே ஏதோ பெரிய பொருள் ஒன்று பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"கிரைண்டரா?"

அக்கா போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "இட்லி மாவு அரைச்சுக் குடுக்கறேன்க்கா. விடிகாலையில போட்டா அவருக்குக் கட்டில் ஆடுதாம். அதான் தளம் ஒழுகுது."

"எங்க வீட்ல பொண்ணு வருது" என்றாள் அம்மா. "இவ டியூஷன் எடுக்கறா."

இரண்டு பேரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு பேச்சோடு பேச்சாக, "நீங்க எங்க பாத்திருக்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி போர்ஷன். நேத்துதான் பாத்தோம், இருக்கறவங்க கோயிலுக்குப் போயிருந்தாங்க. கீழ ஓனரு, ரிடையர்டு ரயில்வே. மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டிருக்காரு. மாடியில ஏதோ கரும்பலகை..."

அவர் என் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தார்.

"அக்கா," என்றேன், "அது எங்க வீடு."

புரோக்கர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள். நான்கு பக்கமும் கமிஷன் வாங்கும் ஆள் எதற்குச் சொல்வார்?

அன்றைக்கு அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காபி குடித்தோம். கிரைண்டரைப் பற்றி எங்கள் ஓனரிடம் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. டியூஷனைப் பற்றி மண்டிக்காரரிடம் அவர்கள் திறக்கக் கூடாது. அம்மா இதைச் சொல்லவே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள், அக்கா தலையாட்டினார், முடிந்தது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே வாடகை, பழையதும் புதியதும் அதே ஐயாயிரம் அட்வான்ஸ் என்று பேசி முடித்தோம். ஆனால் ஆடி பிறந்ததும் எல்லாம் நின்றுபோனது. எங்கள் ஓனரிடம் அப்பா கேட்டால், "வர்ற இடத்துலேர்ந்து வரல சார்." அந்த இடம் கண்டக்டர் வீடு என்பது எங்களுக்கு இப்போது தெரியும். கண்டக்டரிடம் கேட்டால், "மண்டிக்காரர் குடுத்தா அப்படியே கொண்டாந்து கட்டிடுவேன்." மண்டிக்காரரோ, "புதுசா வர்றவங்க அட்வான்ஸ் வச்சா இவங்களுக்குத் தருவேன், சாவியும் அப்பத்தான்" என்றார். புதுசாக வருபவர்கள் நாங்கள். நாங்கள் எங்கள் ஓனருக்காகக் காத்திருந்தோம். நான்கு பேரும் பத்து ரூபாய்க்குக்கூட அசையாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடி அது பாட்டுக்கு ஓடியது. அப்பா மாமாவுக்கு போன் செய்து வீட்டைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டார்.

போன் செய்த அன்றைக்கு நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். ஓனர், அப்பா, மண்டிக்காரர், கண்டக்டர் என்று நான்கு புள்ளி வைத்து அம்புக்குறி போட்டேன். ஓனர் அப்பாவுக்கு ஐயாயிரம். அப்பா மண்டிக்காரருக்கு ஐயாயிரம். மண்டிக்காரர் கண்டக்டருக்கு. கண்டக்டர் ஓனருக்கு. அம்பு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. யாருக்கும் யாரும் ஒரு பைசா தர வேண்டியதில்லை! நான் படியை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கி அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அப்பா சாக்பீஸ் வட்டத்தை வெகு நேரம் பார்த்தார். "சரியாத்தான் இருக்குது. ஆனா பணம் இல்லாம அட்வான்ஸ்னு சொன்னா எந்த ஓனரு ஒத்துக்குவான்?"

"வெறுங்கையோட பேசினா ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் பின்னாலேயே வந்த அம்மா. "தட்டுல வச்சு மாத்தினா ஒத்துக்குவாங்க. ஆடிப் பதினெட்டு வருது இல்ல? அன்னிக்கு வச்சா பெருகும். யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

ஆடிப்பெருக்கு அன்று காலை, மண்டிக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினோம். அம்மா பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு ஓனர்களும் ஒருவரையொருவர் அன்றுதான் நேரில் பார்த்தார்கள். பார்த்ததும் இருவருக்கும் ஒரே சங்கடம்.

"பொண்ணு வர்ற வரைக்கும் வீடு சும்மா கெடக்க வேணாமேன்னுதான் இவங்களுக்கு விடறேன்" என்றார் எங்கள் ஓனர், யாரும் கேட்காமலே.

"இடிக்கற வரைக்கும் பூட்டி வைக்க வேணாமேன்னுதான் நானும்" என்றார் மண்டிக்காரர்.

"ஆமாங்க, பூட்டி வச்சா விளக்கேத்த ஆளிருக்காது" என்றாள் அம்மா. அக்கா குனிந்து தன் வளையல்களை எண்ணத் தொடங்கினார்.

நான் ஒரு தாளில் வட்டத்தைப் போட்டு விளக்கினேன். மண்டிக்காரருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "அட, மண்டியில தினமும் நடக்கறதுதான் இது! அவன் மூட்டை இவனுக்கு, இவன் பாக்கி அவனுக்கு. பணத்தைக் கண்ணால பாத்தே நாளாச்சு" என்று தொடையில் தட்டினார்.

எங்கள் ஓனர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி சார். ஆனா மாடிச் சுவத்துல ஆணி அடிச்சு ஓட்டை போட்டிருக்குது பாப்பா. வெள்ளையடிக்கணும். அட்வான்ஸ்ல முந்நூறு கம்மி பண்ணிக்குவேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆணி என்னுடையது, வட்டமும் என்னுடையது.

"தாராளமா பண்ணிக்குங்க சார்" என்றேன். "நீங்க முந்நூறு கம்மியா குடுத்தா, கையில இருக்கறது அவ்வளவுதானே, அப்பா இவருக்கு முந்நூறு கம்மியா குடுப்பாரு. இவரு கண்டக்டர் சாருக்கு முந்நூறு கம்மி. அவரு உங்களுக்கு முந்நூறு கம்மி."

"எனக்கு ஏன் கம்மியாவணும்?"

"நீங்க பிடிச்சது சார், சுத்திட்டு உங்க கிட்டயே வருது."

அவர் தாளை வாங்கி, அம்புக்குறிகளை விரலால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நம்பாமல் எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. மண்டிக்காரருக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "ஐயா, உங்க பாக்கெட்லேர்ந்து எடுத்து உங்க பாக்கெட்லயே போட்டுக்கறீங்க. நானும் இவங்க குழாயைக் கழட்டிட்டாங்கன்னு நூறு பிடிக்கலாம்னு இருந்தேன். விட்டேன். நீங்களும் விடுங்க."

"விட்டேன்" என்றார் ஓனர்.

அம்மா தட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று அதை அப்பாவிடம் தந்தார். "உங்க அட்வான்ஸ் சார், முழுசா." அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டு மண்டிக்காரரிடம் நீட்டினார். அவர் கண்டக்டரிடம். டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் காக்கிச் சட்டையோடு வந்திருந்த கண்டக்டர், சில்லறை தருவது போலக் கையை நீட்டப் போய், அக்கா முறைத்ததும் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து எங்கள் ஓனரிடம் கொடுத்தார். தேங்காய்கூட உருளவில்லை. தட்டு புறப்பட்ட கையிலேயே வந்து நின்றது. ஓனர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குடுத்த மாதிரியும் இருக்குது, வாங்கின மாதிரியும் இருக்குது" என்றார்.

காபி வந்தது. இரண்டு ஓனர்களும் குடித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தள்ளிவிடும் குடித்தனத்தை இருவரும் போட்டி போட்டுப் புகழ்ந்தார்கள்.

"இந்தம்மா கையால மாவு வாங்கி இட்லி ஊத்துங்க, பூ மாதிரி வரும்" என்றார் மண்டிக்காரர். எங்கே அரைக்கிறார், எப்போது அரைக்கிறார் என்று சொல்லவில்லை.

"இந்தப் பாப்பா கணக்கு சொல்லித்தரும் பாருங்க, இந்த டவுன்லயே இல்ல" என்றார் எங்கள் ஓனர். அத்தோடு நிறுத்தாமல், "முட்டாளையும் பாஸ் பண்ண வச்சிடும்" என்றார்.

டியூஷன் விஷயம் வெளியே வந்துவிடும் போலிருந்தது. மண்டிக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கணக்கா? என் பேத்தி கணக்குல பதினாலு மார்க்கு வாங்கிட்டு வந்து நிக்கிது. அதுக்குச் சொல்லித்தருவியா பாப்பா?"

"தர்றேன் சார். கூட ரெண்டு மூணு பசங்க வருவாங்க, பரவாயில்லையா?"

"ரெண்டு என்ன, தெருவே வரட்டும். பேத்தி பாஸாவணும், அவ்வளவுதான்."

அப்பா அன்று சாயந்தரமே மாமாவுக்கு போன் செய்து, வீட்டைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தம் பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் கிரிவலக் கூட்டம் இறங்கிவிட்டால் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது. அதனால் விடியும் முன்பே தள்ளுவண்டிகள் கிளம்பிவிட்டன. சாமி படமும் உப்பும் மஞ்சளும் நிறைகுடத்து நீருமாக அம்மா முதலில் நடந்தாள். பாதி வழியில், அதேபோல் சாமி படமும் குடமுமாக எதிரே அக்கா வந்தார். அவர் பின்னால் வந்த வண்டியில், அதே பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி கிரைண்டர். எங்கள் வண்டியின் உச்சியில் கரும்பலகை. வட்டம் இன்னும் அதில் அழியாமல் இருந்தது.

"பாலைப் பொங்க விடுங்க!" என்று அக்கா கத்தினார்.

"நீங்களும்!" என்று நான் கத்தினேன். இரண்டு வண்டிக்காரர்களும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

புதுச் சமையலறையில் மூடி போட்ட தூக்குப் பாத்திரம் ஒன்று எங்களுக்காக இருந்தது. அது நிறைய மாவு. பழைய வீட்டில் நாங்கள் வாசலில் கோலம் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு வந்திருந்தோம்.

புரட்டாசியில் ஒருநாள் பழைய தெருப் பக்கம் மாவு வாங்கப் போனேன். வாசலில் ஓனர் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"பொண்ணு வந்துட்டாங்களா சார்?" என்று பஞ்சைத் தாண்டிக் கேட்கும்படி கேட்டேன்.

"தீபாவளிக்கு வரும்" என்றார். பிறகு மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உன் பசங்களாவது ஞாயித்துக்கிழமை லீவு விடுவாங்க பாப்பா. ஆனா ஒண்ணு, இட்லி நெஜமாவே பூ மாதிரிதான் இருக்குது."

எங்கள் பக்கம் டியூஷன் பெருகிக்கொண்டே போனது. மண்டிக்காரரின் பேத்தி எல்லோரையும் விட உரக்கக் கத்தினாள். ஆடிப்பெருக்கில் வைத்தது வீண் போகவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை மண்டிக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். புதன்கிழமை. அம்மா காபி கலக்கப் போனாள்.

"வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

அம்மாவின் கை நின்றது. அப்பா செய்தித்தாளை மடித்தார். மண்டிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று தொடங்கினார். "தளம் ஒழுகுது."

இன்னும் இரண்டு மாதம் போனால் அரையாண்டுத் தேர்வு. எங்கே போவது, யாரிடம் கேட்பது, இப்போது எத்தனை புள்ளி வைத்து வட்டம் போடுவது என்று நான் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு பெரிய சொட்டு, குறி பார்த்த மாதிரி, மண்டிக்காரரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. 'டொக்' என்று சத்தம்கூடக் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது நெற்றியில் விழுந்தது.

"பாத்தீங்களா? கீழ என் பீரோ வரைக்கும் சுவத்துல ஊறி வருதும்மா. கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி தளத்து ஓடெல்லாம் மாத்திப் பதிச்சிடலாம்னு இருக்கேன். ஒரு வாரம் பசங்களைக் கீழ என் கூடத்துல உட்கார வச்சுக்க பாப்பா. அதைச் சொல்லத்தான் சங்கடமா இருந்துச்சு, பாவம் மாடி காத்துல படிக்கிற பசங்க..."

அம்மாதான் முதலில் உடைந்தாள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்தார், தாள் ஆடியது. நான் ஓடிப்போய் அவர் தலைக்கு நேராக ஒரு பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தளம் ஒழுகறதுல சிரிக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது?" என்றார் மண்டிக்காரர், எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காபி கலந்துட்டேன். இப்ப குடிப்பீங்கல்ல?"